கிராப்பினா – மணற்குன்றில் கிடைத்த மனிதர்கள்

ஐரோப்பாவின் நிலப்படத்தில் இத்தாலிக்குக் கிழக்கே ஏட்ரியாட்டிக் கடலைக் காணலாம். அக்கடலின் எதிர்க்கரையில் பிறை நிலாவைப் போல வளைந்து கிடக்கும் நாடு குரோஷியா. 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து தனி நாடாயிற்று. குரோஷியா என்றதும் கடற்கரையும் தீவுகளுமே பலருக்கு நினைவுக்கு வரும். சுற்றுலாப் பயணிகள் திரள்வதும் அங்குதான். நாம் காணப் போவதோ கடலை விட்டு விலகி, பிறையின் இரு கொம்புகளும் சேரும் வடமேற்கு வளைவில் இருக்கும் ஒரு சிற்றூரை. அதன் பெயர் கிராப்பினா. சுற்றியுள்ள குக்கிராமங்களையும் சேர்த்து எண்ணினாலும் பன்னிரண்டாயிரம் பேர் தேறமாட்டார்கள். ஆயினும் மனித குலத்தின் பழமையை ஆராயும் நூல் எதைப் புரட்டினாலும் இவ்வூரின் பெயர் அதில் இருக்கும். காரணம், ஊரை ஒட்டி நிற்கும் ஒரு சிறு மணற்குன்று.

மலைக்கு அப்பால்

குரோஷியாவின் தலைநகரான ஸாக்ரெபின் வடபுறம் மெத்வேத்னித்சா என்னும் மலை அரணைப் போல நிற்கிறது. உயரம் ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டும். அதைக் கடந்து சென்றால் வருவது ஸாகோரியே வட்டாரம். அந்தச் சொல்லுக்கு ‘மலைக்கு அப்பால்’ என்று பொருள். தலைநகரத்தார் இட்ட பெயர் போலும்! அங்கே குடியிருப்பவர்களுக்கு ஸாக்ரெப் அல்லவா மலைக்கு அப்பால்? எப்படியோ அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஸாகோரியேயில் உயர்ந்த மலைகள் சில உண்டு. கிழக்கே இவான்ஷ்சித்சா சுமார் 1,060 மீட்டர். கிராப்பினாவுக்கு அருகிலேயே இருக்கும் ஸ்திராஹிஞ்சித்சா 846 மீட்டர். மற்றபடி எங்கு நோக்கினும் அலையலையான குன்றுகள், அவற்றின் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள், இடையிடையே குறுகிய பள்ளத்தாக்குகள். அத்தகைய பள்ளத்தாக்கு ஒன்றில்தான் கிராப்பினித்சா என்னும் ஓடை பாய்கிறது. அதன் இரு கரையிலும் நீளவாக்கில் அமைந்தது கிராப்பினா. ஸாக்ரெபிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 55 கி.மீ. ஓடை தெற்கே சென்று கிராப்பினா ஆற்றில் சேர்கிறது. அந்த ஆறு சாவாவிலும், சாவா டான்யூபிலும் கலக்கின்றன. ஆக, ஏட்ரியாட்டிக் கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் இவ்வூரில் பெய்யும் மழைநீர் சேர்வது கருங்கடலில்!

பள்ளத்தாக்கின் வழியே வடக்கே சென்றால் மாட்செல் குன்றுகளைத் தாண்டி ஸ்லொவேனியாவுக்கும், அங்கிருந்து ஆஸ்திரியாவுக்கும் போய்விடலாம். இன்றைய நெடுஞ்சாலையும் இவ்வழியாகத்தான் போகிறது. மலைநாட்டில் வழி என்பது ஓடை வெட்டிக் கொடுத்ததுதான். வண்டிச் சாலைக்கு முன் கால்நடைப் பாதை; அதற்கு முன் வேட்டையாடியவர்களின் தடம்.

இங்குள்ள குன்றுகளின் பாறையைப் பற்றியும் ஒரு சொல். இன்றைக்கு ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மயோசீன் காலத்தில் நடு ஐரோப்பாவின் பெரும் பகுதியை ஓர் உள்நாட்டுக் கடல் மூடியிருந்தது. நிலவியலார் அதனைப் பாரதெத்திஸ் என்பர். அக்கடலின் அடியில் படிந்த மணல் இறுகி மணற்பாறை ஆயிற்று. கடல் வற்றி, நிலம் உயர்ந்து, ஓடைகள் அதனை அறுக்கத் தொடங்கின. மணற்பாறை மென்மையானது. ஓடை நீர் அடியை அரித்தால் மேலே கூரை போல் நீட்டிக்கொண்டு நிற்கும். கீழே ஒதுங்கிக்கொள்ள இடம் கிடைக்கும். குகை என்று சொல்வதைவிடப் பாறை ஒதுக்கிடம் என்பதே பொருத்தம். கிராப்பினாவின் மேற்குப் புறத்தில் உள்ள ஹுஷ்னியகோவோ என்னும் குன்றில் அப்படி ஓர் ஒதுக்கிடம் உண்டாயிற்று. நாளடைவில் கூரையும் சுவரும் உதிர்ந்து உதிர்ந்து, எட்டு மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு அதனை மணலால் நிரப்பிவிட்டன. பிற்காலத்தவர் கண்ணுக்கு அது வெறும் மணல்மேடு.

ஏட்டில் உள்ள வரலாறு

எழுத்தில் கிராப்பினாவின் பெயர் முதன்முதலாக வருவது 1193இல். அன்று குரோஷியாவையும் ஆண்டுவந்த ஹங்கேரி மன்னன் மூன்றாம் பேலாவின் பட்டயம் ஒன்றில் அது குறிக்கப்பட்டிருக்கிறது. 1347இல் மன்னன் முதலாம் லயோஷ் இவ்வூருக்கு ‘சுதந்திர அரச நகரம்’ என்னும் தகுதியை வழங்கினான். ஊருக்கு மேலே பாறை உச்சியில் ஒரு கோட்டை. அதன் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது.

கோட்டை இருந்தால் கதை இல்லாமலா? செஹ், லெஹ், மெஹ் என மூன்று சகோதரர்கள் கிராப்பினாவிலும் அண்டைக் குன்றுகளிலும் கோட்டை கட்டி வாழ்ந்தார்களாம். ரோமானியர் ஆட்சியை எதிர்த்து அவர்கள் செய்த சதியைச் சொந்தத் தங்கையே காட்டிக் கொடுத்துவிட, மூவரும் வடக்கே ஓடினார்களாம். செஹ் செக் மக்களுக்கும், லெஹ் போலந்து மக்களுக்கும், மெஹ் ருஷ்ய மக்களுக்கும் மூதாதையர் ஆயினராம். சிலாவ் இனங்களெல்லாம் தம் ஊரிலிருந்து கிளைத்தவை என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சிற்றூருக்கு எவ்வளவு பெருமை! வரலாற்றுச் சான்று ஏதும் இதற்கு இல்லை.

இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த சிறுவர்களுள் ஒருவர் 1809இல் இவ்வூரில் பிறந்த லியுதெவித் காய். தம் 17ஆம் வயதிலேயே கிராப்பினாக் கோட்டைகளைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1830இல் அவர் வகுத்த எழுத்துச் சீர்திருத்தம் அதைவிடப் பெரிய காரியம். ஓர் ஒலிக்கு ஒரே குறி என்னும் கொள்கைப்படி, செக் மொழியினரைப் பின்பற்றி லத்தீன் எழுத்துகளின் தலையில் சிறு குறிகளை இட்டார். குரோஷியர் இன்றும் எழுதுவது அம்முறையின் வழிவந்ததே. ஊரின் பழமையைத் தேடிய அந்த இளைஞர் அண்ணாந்து கோட்டையைப் பார்த்தார். ஓடைக்கு மறுகரையில் இருந்த மணல்மேட்டுக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆசிரியர்கள் அனுப்பிய எலும்புகள்

ஹுஷ்னியகோவோவின் மணலை ஊரார் வீடு கட்ட வெட்டி எடுத்து வந்தனர். வெட்டும்போது அவ்வப்போது பெரிய எலும்புகளும் பற்களும் அகப்பட்டன. அவற்றைத் தூக்கி எறியாமல் ஸாக்ரெபில் இருந்த தேசிய அருங்காட்சியகத்துக்கு அனுப்பி வைத்தவர்கள் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்கள். அனுப்பியவற்றுள் காண்டாமிருகத்தின் எலும்பும் இருந்தது.

அங்கே நிலவியல் பகுதியின் தலைவராக இருந்தவர் திராகுதின் கோர்யானோவிச்-கிராம்பர்கர். இவர் ஸாக்ரெபில் பிறந்தது 1856இல். ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் ஒரு விசித்திரமான மண்டையோடு வெட்டி எடுக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். பழங்கால மீன்களின் புதைபடிவங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர் அவர். மனித எலும்பு அவருடைய துறையே அன்று.

1899 ஆகஸ்டு 23ஆம் நாள் அவர் நேரில் வந்து பார்த்தார். மண் வெட்டுப்பட்டு நின்ற சுவரில் சாம்பலும் கரியும் கலந்த கறுத்த கோடுகள் தெரிந்தன. செதுக்கிய கல் துண்டுகள் கிடந்தன. கூடவே ஒரு பல். மனிதனின் கடைவாய்ப் பல்! உடனே மணல் எடுப்பதை நிறுத்தச் செய்தார். செப்டம்பர் தொடக்கத்தில் அகழ்வு ஆரம்பமாயிற்று. இடைவிட்டு 1905 வரை நடந்தது. இன்னும் சில ஆண்டுகள் அவர் வராமல் இருந்திருந்தால் அந்த மேடு முழுவதும் கிராப்பினா வீட்டுச் சுவர்களின் காரையாகிப் போயிருக்கும்.

அகழ்வில் கிடைத்தவை: ஏறக்குறைய 900 மனித எலும்புத் துண்டுகளும் பற்களும், ஆயிரத்துக்கு மேற்பட்ட கற்கருவிகள், ஏராளமான விலங்கு எலும்புகள். முழு எலும்புக்கூடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் உடைந்தவை, கலந்தவை. எத்தனை பேருடையவை என்று இன்றும் ஒருமித்த கணக்கு இல்லை. எலும்பை எண்ணியவர்கள் 20க்குச் சற்று மேல் என்றார்கள். பல்லை எண்ணியவர்கள் 80 வரை போனார்கள். குழந்தைகளும் இளைஞர்களும் அதிகம். நாற்பதைத் தாண்டியவர் அரிது. ஒரே இடத்தில் இத்தனை நியாண்டர்தால் மனிதர்களின் எச்சங்கள் கிடைத்தது அதுவே முதல் முறை.

கோர்யானோவிச் வெறுமனே எலும்பு பொறுக்கவில்லை. படிவை ஒன்பது அடுக்குகளாகப் பிரித்தார். கிடைத்ததை எந்த அடுக்கில் கிடைத்ததென்று குறித்துவைக்கச் செய்தார். எவ்வளவு சிறிய துண்டானாலும் வீசவில்லை. அந்நாளில் மண்டையோடு போன்ற ‘நல்ல’ பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மண்ணோடு தள்ளிவிடுவதே வழக்கம். அடுக்குகளை அவற்றில் மிகுந்திருந்த உயிரினத்தைக் கொண்டு தொகுத்தார்: அடியில் நீர்நாயைப் போல் ஆற்றில் வாழும் பீவர், அதற்கு மேல் மனிதர், அதற்கு மேல் காண்டாமிருகம், உச்சியில் குகைக் கரடி. அடித்தளத்தில் ஓடை கொண்டுவந்த கூழாங்கற்கள் இருந்தன. அப்படியானால் ஒதுக்கிடம் உண்டான காலத்தில் ஓடை அந்த மட்டத்தில்தான் ஓடியிருக்க வேண்டும். இன்று கிராப்பினித்சா அதற்கு ஏறத்தாழ 25 மீட்டர் கீழே ஓடுகிறது! அந்த ஆழத்தை அறுக்க ஓடை எடுத்துக்கொண்ட காலம் கொஞ்சமா?

மனிதரும் காண்டாமிருகமும் ஒரே காலமா?

அன்றைய அறிஞர் உலகில் இதுவே பெரிய வழக்கு. நியாண்டர் பள்ளத்தாக்கின் மண்டையோடு பழங்கால மனித இனத்தினுடையது அன்று; நோயால் உருமாறிய இக்கால மனிதனுடையதே என்று ஜெர்மனியின் புகழ்பெற்ற மருத்துவ அறிஞர் ருடால்ஃப் ஃபிர்ச்சோ 1872இல் அறிவித்திருந்தார். அவர் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு. ஒரு மண்டையோட்டை நோய் எனத் தள்ளிவிடலாம். பலருடைய எலும்புகளும் ஒரே அமைப்பில் இருந்தால் அத்தனை பேருக்கும் ஒரே நோயா? கிராப்பினாவின் எண்ணிக்கையே ஃபிர்ச்சோவுக்கு விடை ஆயிற்று.

ஆனால் இன்னொரு கேள்வி எழக்கூடும். மனிதர்கள் பிற்காலத்தவராய் இருந்து, குழி தோண்டிப் பழைய அடுக்கில் புதைக்கப்பட்டிருந்தால்? இதற்கு கோர்யானோவிச் வேதியியலைத் துணைக்கு அழைத்தார். நிலத்தடி நீரில் ஃபுளோரின் சிறிதளவு கரைந்திருக்கும். புதைந்த எலும்பு அதனை மெல்ல மெல்ல ஈர்த்துக்கொள்ளும். பற்பசையில் ஃபுளோரைடு சேர்ப்பது பல்லின் தாது அதனைப் பற்றிக்கொள்ளும் என்பதால்தானே! ஒரே மண்ணில் ஒரே காலம் கிடந்த எலும்புகளில் ஃபுளோரின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மனித எலும்பையும் காண்டாமிருக எலும்பையும் சோதித்தபோது அவை ஒரே காலத்தவை என்று தெரிந்தது. மனிதப் புதைபடிவங்களுக்கு இச்சோதனையைப் பயன்படுத்திய முன்னோடி அவர். இதே சோதனைதான் அரை நூற்றாண்டு கழித்து, 1953இல், இங்கிலாந்தின் ‘பில்ட்டவுன் மனிதன்’ ஒரு மோசடி என்று வெளிப்படுத்த உதவியது. 1912இல் அறிவிக்கப்பட்ட அந்தப் போலியை நாற்பது ஆண்டுகள் பலர் நம்பினர். கிராப்பினாவில் செய்த எளிய சோதனையை அன்றே அங்கும் செய்திருந்தால் எத்தனை பேரின் உழைப்பு வீணாகாமல் இருந்திருக்கும்!

மற்றொன்று எக்ஸ் கதிர். ராண்ட்ஜன் அதனைக் கண்டறிந்தது 1895 நவம்பரில். 1902இல் கிராப்பினாத் தாடைகளின் எக்ஸ் கதிர்ப் படங்களை கோர்யானோவிச் வெளியிட்டார். பல்லை உடைக்காமல் உள்ளே இருக்கும் வேரையும் கூழ் அறையையும் காண முடிந்தது. கடைவாய்ப் பற்களில் கூழ் அறை வழக்கத்தைவிட நீண்டு பெரிதாக இருந்தது புலப்பட்டது. ஆய்வகத்தில் பிறந்து ஏழே ஆண்டுகள் ஆன ஒரு கருவியைத் தொல்லுயிரியலுக்குக் கொண்டுவந்த துணிவை என்னென்பது! இவற்றையெல்லாம் தொகுத்து 1906இல் ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய பெருநூல் வெளிவந்தது.

காலத்தை அளந்த கதை

கோர்யானோவிச்சிடம் ஒன்று மட்டும் இல்லை. எத்தனை ஆண்டுகளுக்கு முன் என்று எண்ணாகச் சொல்லும் வழி. காண்டாமிருகம், பீவர் முதலியவற்றைக் கொண்டு அது பனிக்காலங்களுக்கு இடைப்பட்ட வெப்பமான காலம் என்று உய்த்துணர்ந்தார். அதற்குமேல் போக இயற்பியல் வளர வேண்டியிருந்தது.

கார்பன்-14 முறையைப் பலர் அறிவர். இங்கே அது பயன்படாது. ஏனென்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார்பன்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். 1,30,000 ஆண்டுகளில் ஏறக்குறைய 22.7 அரை ஆயுள்கள் கழிந்துவிடும். மீந்திருப்பது தொடக்கத்தில் இருந்ததில் சுமார் 68 லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு விரல் பட்ட அழுக்கில் அதைவிடக் கூடுதலான புதிய கார்பன் இருக்கும்!

உதவிக்கு வந்தது எலெக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு என்னும் முறை. பெயர்தான் நீளம், கருத்து எளிது. மண்ணில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகிய கதிரியக்கப் பொருள்கள் மிகச் சிறிதளவு எங்கும் உண்டு. அவற்றின் கதிர்கள் புதைந்து கிடக்கும் பல்லின் எனாமலில் பாய்ந்து எலெக்ட்ரான்களை இடம்பெயர்க்கின்றன. அவற்றுள் சில, படிகத்தில் உள்ள குறைபாடுகளில் சிக்கிக்கொள்கின்றன; பல லட்சம் ஆண்டுகளானாலும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே கிடக்கின்றன. ஆண்டு ஆக ஆக, சிக்கியவற்றின் தொகை பெருகும். சொட்டுச் சொட்டாக நிறையும் பானையைப் போல என்று கொள்ளலாம். பானையில் உள்ள நீரையும் சொட்டின் வேகத்தையும் அறிந்தால், எப்போது சொட்டத் தொடங்கிற்று எனக் கணக்கிடலாம் அல்லவா?

நீரை அளப்பது எப்படி? சிக்கிய எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு நுண்காந்தம். எனாமல் துகளை வலிமையான காந்தப் புலத்தில் வைத்து மைக்ரோ அலையைச் செலுத்தினால், குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் அந்த நுண்காந்தங்கள் ஆற்றலை உறிஞ்சித் திசை மாறும். எவ்வளவு உறிஞ்சப்பட்டதோ அதற்கேற்ப எலெக்ட்ரான்களின் தொகை தெரியும். சொட்டின் வேகத்துக்கு, மண்ணின் கதிரியக்கத்தையும் பல்லில் ஊறிய யுரேனியத்தையும் அளக்க வேண்டும். இதில்தான் பிழை புகுவது. யுரேனியம் பல்லில் எப்போது ஊறிற்று என்பதை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

1995இல் கிராப்பினா அடுக்குகளின் விலங்குப் பற்களை இவ்வாறு சோதித்ததில் கிடைத்த விடை சுமார் 1,30,000 ஆண்டுகள். பத்தாயிரம் முன்பின் இருக்கலாம். கடைசி வெப்ப இடைக்காலத்தின் தொடக்கம் அது. கோர்யானோவிச்சின் காண்டாமிருகம் சொன்னதும் அதுவே. மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் காலத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. படிவு விரைவாகவே நிரம்பியிருக்கிறது. முன்னே சொன்ன 25 மீட்டரை இந்த எண்ணால் வகுத்துப் பார்த்தால், கிராப்பினித்சா ஆண்டுக்கு ஐந்தில் ஒரு மில்லிமீட்டர் வீதம் தன் படுகையைத் தாழ்த்தி வந்திருக்கிறது.

மனிதரைத் தின்றவர்களா?

உடைந்த எலும்புகளைக் கண்ட கோர்யானோவிச், இவர்கள் மனிதரைத் தின்றவர்கள் என்று கருதினார். ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் கிளாட்ச் இன்னொரு படி மேலே போய், இரு வேறு மனித இனங்களுக்கிடையே நடந்த போரின் களம் இது என்றார். ‘கிராப்பினாப் போர்’ என்ற பெயர்கூட நூல்களில் ஏறிவிட்டது. போர் நடந்ததற்குச் சான்றில்லை. எலும்புகள் அனைத்தும் ஒரே இனத்தவை. அந்தக் கருத்து மடிந்துவிட்டது. நரமாமிசக் கதை மட்டும் எளிதில் மடியவில்லை. மிருகத்தனமான காட்டு மனிதன் என்று அக்காலப் படங்கள் தீட்டிய உருவத்துக்கு அது பொருத்தமாக அமைந்துவிட்டது.

1980களில் இவ்வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது. கூரைப் பாறை விழுந்தும் மண் அழுத்தியும் எலும்பு உடையக்கூடும் என்று சிலர் காட்டினர். மேரி ரசல் என்னும் ஆய்வாளர் 1987இல், எலும்புகளில் உள்ள வெட்டுக் கீறல்களை இறைச்சிக்காக அறுக்கப்பட்ட விலங்கெலும்புகளோடும், இறந்தோரின் எலும்பைத் தூய்மை செய்து மீண்டும் புதைக்கும் வழக்கமுள்ள மக்களின் எலும்புகளோடும் ஒப்பிட்டார். கிராப்பினாவின் கீறல்கள் பின்னதையே ஒத்திருந்தன. ஓர் இளம் பெண்ணுடையது எனக் கருதப்படும் மண்டையோட்டின் நெற்றியில், ஒன்றுக்கொன்று இணையாக 35 கீறல்கள் உள்ளன. இறைச்சி அறுக்க நெற்றியில் இப்படி வரிசையாகக் கீற வேண்டியதில்லை. ஏதோ சடங்காய் இருக்கலாம். நரமாமிசம் இல்லவே இல்லை என்று இதனால் முடிந்துவிடாது. இன்றும் அதனை வலியுறுத்துவோர் உண்டு. ஆனால் உடைந்த எலும்பு ஒன்றையே வைத்துத் தீர்ப்பு எழுதிய காலம் போய்விட்டது.

அதே எலும்புகளைத் தீர்ப்பெழுதும் அவசரமின்றிப் பார்த்தால் வேறு செய்திகள் கிடைக்கின்றன. மண்டையில் அடிபட்டு ஆறிய தழும்புகள் உண்டு. ஒரு முன்கை எலும்பு முறிந்து, கூடாமலே போலி மூட்டு உண்டாகி, அதன் பின்னும் அவர் வாழ்ந்திருக்கிறார். வேட்டையையே நம்பிய கூட்டத்தில் ஒரு கை பயன்படாதவர் எப்படிப் பிழைத்தார்? சோறிட்டவர் யாரோ இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2013இல், மூன்று செ.மீ. நீளமேயுள்ள ஒரு விலா எலும்புத் துண்டில் கட்டி இருந்ததை நுண் சி.டி. படத்தால் கண்டனர். அதுவரை அறியப்பட்ட மனித எலும்புக் கட்டிகளில் அதுவே மிகப் பழையது. பற்களில், இடுக்கைக் குச்சியால் குத்திய தடங்களும் இருக்கின்றன. பல்வலி யாரை விட்டது!

விந்தியாக் குகை

கிராப்பினாவிலிருந்து வடகிழக்கே, நேர்க்கோட்டில் 30 கி.மீ.க்குள், விந்தியா என்னும் குகை உள்ளது. நம் விந்திய மலைக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு தொடர்பில்லை. ஹுஷ்னியகோவோ மனிதர்களுக்கு எண்பதாயிரம் ஆண்டுகள் பிற்பட்ட நியாண்டர்தால் எலும்புகள் அங்கே கிடைத்தன. 2010இல் ஸ்வான்டே பேபோவின் குழு, நியாண்டர்தால் மனிதரின் டி.என்.ஏ. வரிசையைப் பெரும்பாலும் இக்குகையின் மூன்று எலும்புகளிலிருந்தே படித்தது. 2022இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்கள் அனைவரிடமும் நியாண்டர்தால் டி.என்.ஏ. ஒன்று முதல் இரண்டு விழுக்காடு உள்ளது என்பது இந்த ஆய்வுகளின் முடிவு. மறைந்துபோன இனம் என நினைத்தவர்கள் நம் முன்னோரிலும் கலந்திருக்கிறார்கள்.

இதனை வெறும் வியப்புச் செய்தியாக நம்மால் ஒதுக்கிவிட முடியாது. கோவிட் நோய் பரவிய 2020இல், நோய் கடுமையாவதோடு தொடர்புடைய ஒரு டி.என்.ஏ. துண்டு மூன்றாம் குரோமோசோமில் இருப்பது தெரியவந்தது. அதில் ஏறத்தாழ 50,000 எழுத்துகள். பேபோவும் ஹியூகோ ஸெபெர்கும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, விந்தியாக் குகை எலும்பின் வரிசையோடு அது மிக நெருங்கி ஒத்திருந்தது. ஐரோப்பியரில் சுமார் 16 விழுக்காட்டினரிடம் அது உண்டு. தெற்காசியாவிலோ பாதிப்பேரிடம் குறைந்தது ஒரு பிரதியாவது இருக்கிறது. அடுத்த ஆண்டே, நோயின் கடுமையைக் குறைக்கும் வேறொரு துண்டும் நியாண்டர்தாலிடமிருந்து வந்ததே என்று அவர்கள் காட்டினர். கெட்டதும் நல்லதும் சேர்ந்தே வந்த பாட்டன் சொத்து!

இழுப்பறையில் இருந்தவை

2010இல் ஹுஷ்னியகோவோ அருகில் புதிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆனால் மூல எலும்புகள் ஸாக்ரெபின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அங்கே பொறுப்பேற்ற தவோர்கா ராதோவ்சித், நூறாண்டுக்கு மேலாக இழுப்பறையில் இருந்த பறவை எலும்புகளை எடுத்துப் பார்த்தார். வெண்வால் கடற்கழுகின் எட்டு நகங்கள் அவற்றுள் இருந்தன. குறைந்தது மூன்று கழுகுகளுடையவை. நான்கு நகங்களில் வெட்டுக் கீறல்கள். கீறலின் விளிம்புகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. ஒன்றோடொன்று உரசிப் பளபளப்பேறிய இடங்களும் தெரிந்தன. கோத்து அணிந்த அணிகலன் என்று 2015இல் வெளியிட்ட கட்டுரையில் அவரும் துணைவர்களும் முடிவு கூறினர். நம் இனத்தவர் ஐரோப்பாவில் பரவி வாழத் தொடங்குவதற்குப் பல பத்தாயிரம் ஆண்டுகள் முந்தைய காலம் அது. எவரையும் பார்த்து அவர்கள் கற்றிருக்க முடியாது. நகங்கள் எந்த அடுக்கில் கிடைத்தன என்ற குறிப்பு மட்டும் இல்லாதிருந்தால் இக்கூற்றை யாரும் ஏற்றிருக்கமாட்டார்கள்.

அதே சேகரிப்பில் இருந்த ஒரு கல்லைப் பற்றி 2017இல் செய்தி வந்தது. சுமார் 13 செ.மீ. நீளமுள்ள தட்டையான சுண்ணாம்புக்கல். மரக்கிளை விரிந்தாற்போல் வரிகள் அதில் ஓடுகின்றன. அதனை யாரும் செதுக்கவில்லை, கருவியாகத் தீட்டவுமில்லை. ஹுஷ்னியகோவோவின் பாறை முழுவதும் மணற்பாறை. அவ்வகைச் சுண்ணாம்புக்கல் இருப்பது சில கி.மீ. வடக்கே. யாரோ ஒருவர் அந்தக் கல்லைக் கண்டு, எடுத்து, ஓடையோரமாக நடந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.